செயின் மட்டுமா, செட்டாகவா? லடாக் புறப்படும் வாசகருக்கு ஒரு பதில்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 34,000 கி.மீ. ஓடிய 150 சிசி பைக். 428 அளவுச் செயின், முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) 14 பல், பின்னதில் 42 பல். 28,000 கி.மீ. ஓடியபோது செயின் சத்தம் போட்டதால், ஊரிலுள்ள மெக்கானிக் செயினை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஸ்பிராக்கெட் இரண்டும் வண்டி வாங்கியபோது வந்தவையே. புதுச் செயின் 6,000 கி.மீ. ஓடுவதற்குள் தளர்ந்துவிட்டது. செயினை இறுக்கும் அட்ஜஸ்டரின் குறி கடைசிக் கோட்டை நெருங்கி நிற்கிறது, மெதுவாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரைத் திருகினால் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது. இன்னும் மூன்று வாரத்தில் சித்தப்பா மகனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் கடந்து லே வரை சென்று, மணாலி வழியாகத் திரும்பும் திட்டம். போக வர 7,000 கி.மீ.க்குக் குறையாது.

அவருடைய கேள்விகள் இவை. "ஒரு கண்ணியை வெட்டி இழுத்துக் கட்டினால் போய்வரும்" என்று மெக்கானிக் சொல்வதை நம்பலாமா? செயின் மட்டும் 900 ரூபாய், ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாக வாங்கினால் 1,900 ரூபாய் என்கிறபோது இரண்டாவது செலவு தேவையா? 6,000 கி.மீ.யில் போன செயின் போலிச் சரக்குதானே, பில் இல்லாத நிலையில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா? மலை ஏறுவதற்காக முன் ஸ்பிராக்கெட்டில் 13 பல் போடலாமா? பயணத்துக்கு முதல் நாள் மாற்றினால் செயின் புதிதாகவே இருக்கும் அல்லவா? போகிறபோக்கில், செயினுக்கு வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி வருவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில், நீங்கள் திட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மூன்று வாரம் தாராளமாகப் போதும். ஆனால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் தனித்தனிப் பொருள்கள் என்று நினைத்துத்தான் உங்கள் மெக்கானிக் சென்ற முறை வேலை செய்திருக்கிறார்; உங்கள் கடிதத்தின் பாதிக் கேள்விகளும் அதே நினைப்பிலிருந்துதான் வருகின்றன. என் பட்டறையில் வேலை பழக வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்: கணக்கில் மூன்று என்றாலும் வேலையில் அது ஒரே பாகம். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், புறப்படும் நாளுக்கு முன் குறைந்தது 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன், அப்போதுதான் வழியில் யார் என்ன சொன்னாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

செயின் நீள்வது எப்படி

செயின் இழுபட்டு நீள்வதாகத்தான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பக்கத் தகடுகள் ரப்பர்போல் இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் மூட்டிலும் ஒரு பின் (சிறு இரும்புத் தண்டு), அதைச் சுற்றி ஒரு புஷ் (குழல்), அதற்கு மேல் உருளும் ரோலர் இருக்கின்றன. ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய, மூட்டுக்கு மூட்டு சிறிது இடைவெளி விழுகிறது. ஒரு மூட்டில் 0.15 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாத தேய்மானம். ஆனால் உங்கள் வண்டியில் உள்ளதுபோன்ற 132 கண்ணிச் செயினில் அதுவே மொத்தம் ஏறத்தாழ 20 மி.மீ. ஆகிவிடுகிறது.

இந்தத் தேய்மானம் வேகமாக நடப்பதற்கும் காரணம் உண்டு. 100/90-17 அளவு டயர் ஒரு கிலோமீட்டர் போவதற்குச் சுமார் 520 முறை சுற்ற வேண்டும். பின்னால் 42 பல் என்றால், செயின் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 165 முறை முழுவட்டம் அடித்துவிடும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒவ்வொரு மூட்டும் முன்னே ஏறும்போதும் இறங்கும்போதும், பின்னே ஏறும்போதும் இறங்கும்போதும் என நான்கு தடவை மடங்கி நிமிர்கிறது. உங்கள் 7,000 கி.மீ. பயணத்துக்குக் கணக்குப் போட்டால் பதினோரு லட்சம் வட்டத்துக்கு மேல். அதையும் இரண்டு ஆள், சுமை, தூசு, ஓடைத் தண்ணீர் என எல்லாவற்றோடும் சேர்த்து அது செய்ய வேண்டும்.

எனவே கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல் அளந்து பாருங்கள். 428 செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ. செயினின் கீழ்ப்பகுதியை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பின்னின் நடுவிலிருந்து 21ஆவது பின்னின் நடுவரை இரும்பு ஸ்கேலால் அளந்தால், புதுச் செயினில் 254 மி.மீ. வரும். 259 வந்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஆயுள் முடிந்த செயின். ஊருக்குள் ஓட்டுவதற்கு இடைப்பட்ட அளவில் சில மாதம் தள்ளலாம். நெடும்பயணத்துக்கு முன் 257ஐத் தொட்டாலே மாற்றச் சொல்வேன். ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடாமல் சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அளக்கவும், ஏனெனில் செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. இன்னொரு சோதனைக்கு ஸ்கேல்கூட வேண்டாம். பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால், பொருத்தம் போய்விட்டது என்று பொருள்.

கண்ணி வெட்டும் யோசனை

உங்கள் மெக்கானிக் சொன்ன வழியில் செயினின் மொத்த நீளம் குறையும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் ஒரே ஒரு கண்ணியை எடுக்க முடியாது, ஒரு ஜோடி போகும், 25 மி.மீ. குறையும், அட்ஜஸ்டருக்கு மறுபடியும் இடம் கிடைக்கும். ஆனால் மீதமுள்ள 130 மூட்டுகளிலும் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். கண்ணியின் இடைவெளி பல்லின் இடைவெளியைவிட நீண்டுபோனதால் செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி ஓடுகிறது. நீங்கள் கேட்கும் அந்தக் 'கடக்' சத்தம் பெரும்பாலும் பல் தாண்டுவதால் வருவதுதான். ஊருக்குள் வேலைக்குப் போய்வரும் ஒருவர் சம்பள நாள்வரை சமாளிக்க இதைச் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேர் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டத்தில் அறும் செயின் சும்மா கீழே விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு எஞ்சின் கேஸை உடைக்கலாம், பின் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். பின்னால் லாரி வரும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சென்ற முறை நடந்தது என்ன

உங்களுக்கு விற்றது போலிச் செயின் என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம், சந்தையில் போலி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதைவிடப் பொருத்தமான காரணம் ஒன்று இருக்கிறது. 28,000 கி.மீ. பழைய செயினோடு ஓடிய ஸ்பிராக்கெட்டின் பற்கள், அந்த நீண்டுபோன செயினின் அளவுக்கே தேய்ந்து பழகியிருக்கும். அதன்மேல் 12.7 மி.மீ. அளவுள்ள புதுச் செயினை மாட்டினால், சுமை எல்லாப் பற்களிலும் பகிர்ந்து விழாமல் ஓரிரண்டு பற்களிலேயே விழும்; கொக்கிபோல் வளைந்த பல்லில் ரோலர் ஒவ்வொரு முறையும் உரசித்தான் விடுபடும். நல்ல செயினையே அது தின்றுவிடும். அதிலும் முன் ஸ்பிராக்கெட்டைக் கவனியுங்கள். பின்னது ஒரு முறை சுற்றினால் முன்னது மூன்று முறை சுற்றுகிறது, ஆகவே அதன் ஒவ்வொரு பல்லும் மூன்று மடங்கு வேலை செய்கிறது. கவருக்குள் மறைந்திருப்பதால் அதை யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. நான் திறந்த கவர்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில், கிரீஸும் மண்ணும் சேர்ந்து இறுகிய கருப்புக் களியை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்த பிறகே பல் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் பல் சுறாவின் துடுப்புபோல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

பழைய எஞ்சின் ஆயிலும் தன் பங்கைச் செய்திருக்கும். வடித்த ஆயிலில் எஞ்சினின் கரியும் உலோகத் துகளும் மிதக்கின்றன. நீங்கள் மசகு என்று நினைத்துத் தடவியதில் கொஞ்சம் அரமும் கலந்திருந்தது. இதற்காக வருந்த வேண்டாம், நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், இனிமேல் விட்டுவிடுங்கள்.

ஆகவே 900 ரூபாயா, 1,900 ரூபாயா என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. சென்ற முறை மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய், 6,000 கி.மீ.யில் ஒரு செயினைக் கொண்டுபோய்விட்டது. இந்த முறையும் அதையே செய்தால், இதே நிலைமை நாக்பூரைத் தாண்டி எங்காவது வந்து நிற்கும்.

எதை வாங்குவது

வண்டிக் கம்பெனியின் அசல் செட் கிடைத்தால் அதுவே போதும். வெளிச் சந்தையில் வாங்குவதானால், கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான், சென்னை முருகப்பா குழுமத்தின் டயமண்ட் இரண்டும் நம் மாநிலத்துச் சரக்கு, எளிதில் கிடைப்பவை. எதை வாங்கினாலும் பக்கத் தகட்டில் அளவும் தயாரிப்பாளர் முத்திரையும் பொறித்திருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பழைய ஸ்பிராக்கெட்டோடு பல்லையும் துளைகளையும் ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஓ-ரிங் செயின் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கடையில் உங்களிடம் சொல்வார்கள். ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸை ரப்பர் வளையம் அடைத்துவைத்திருப்பதால் அது நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் அகலம் கூடுதல், கேஸில் உரசாத அளவுக்கு இடம் வேண்டும்; பல வகைகளுக்கு இணைப்புக் கண்ணியை ரிவிட் அடிக்கத் தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் சுத்தியலால் தட்டி ரிவிட் அடித்த ஓ-ரிங் செயினைவிட, ஒழுங்காக லாக் (கிளிப் போட்ட இணைப்புக் கண்ணி) மாட்டிய சாதாரணச் செயினை நான் நம்புவேன்.

13 பல் யோசனை

இது வெறும் ஆசையில் எழுந்த கேள்வி அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் திரும்பும் வழியிலுள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான், எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். இரண்டு பேரோடு ஏறும் 150 சிசி வண்டிக்கு 13 பல் உதவத்தான் செய்யும். ஒரு பல் குறைத்தால் கியர் ஏறத்தாழ 7 சதவீதம் இறங்குகிறது. ஆனால் உங்கள் பயணத்தில் மலைப் பகுதி ஒரு சிறு பங்குதான். மீதி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமவெளியில் எஞ்சின் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகச் சுற்றிக் கத்திக்கொண்டே வரும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் இன்னும் கூர்மையாக மடங்குவதால் தேய்மானமும் கூடும். வேகமானியின் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் உள்ள வண்டியானால் வேகத்தையும் தூரத்தையும் தவறாகக் காட்டும், அந்தத் தூரத்தை நம்பி நீங்கள் பெட்ரோல் கணக்குப் போடுவீர்கள். கம்பெனி கொடுத்த 14 பல்லோடே போங்கள். ஏற மறுக்கும் ஒரு வளைவில் தம்பியை இறங்கி நூறடி மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள், வண்டி முதல் கியரில் ஏறிவிடும்.

மாற்றும் அன்று பக்கத்தில் நில்லுங்கள்

இந்த வாரமே மாற்றிவிடுங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் படிந்து சிறிது தளரும். அந்தத் தளர்வை ஊரிலேயே பார்த்து, சரிசெய்து, நட்டுகளை மறுபடியும் இறுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் நாள் மாற்றினால் அந்தத் தளர்வு ஓசூர் தாண்டி நெடுஞ்சாலையில் உங்களுக்குத் தெரியாமல் நடக்கும்.

முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றியதும் அதன் பின்னாலுள்ள ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். அதை மாற்ற அதைவிட நல்ல நேரம் வராது. பின் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது ஹப் ரப்பர்கள் நசுங்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் அதையும். ஸ்பிராக்கெட் நட்டுகளுக்கு மடக்கும் லாக் வாஷர் இருந்தால் புதிதாகப் போட வேண்டும், மடக்கிய வாஷரை நிமிர்த்தி மறுபடி மடக்கக் கூடாது. செயின் லாக்கின் கிளிப்பில் ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும். மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். நீந்தும் மீனுக்குத் தலை முன்னே இருப்பதுபோல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நீங்களே குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பிறகு தளர்வு, அதாவது கீழ்ச் செயின் நடுவில் மேலும் கீழுமாக ஆடும் அளவு. இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்ற எண்ணம் மிகவும் பரவலானது, மிகவும் தவறானது. இரண்டு பேர் ஏறிச் சக்கரம் மேலெழும்போது முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நிலையில் செயின் அதிகபட்சமாக இறுகுகிறது. அதற்கு இடம் விடாமல் இறுக்கியிருந்தால் அந்தப் பலமெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கிலும் ஹப் பேரிங்கிலும் போய் விழும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுதான் கணக்கு. இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு சரியாக வந்தாலும், ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து ஆக்சில் நடுவரை இரு பக்கமும் டேப்பால் அளந்து ஒத்துப்பார்ப்பது நல்லது.

பில்லும் உரிமையும்

இதில் நான் சட்டம் படித்தவனாகப் பேசவில்லை, பட்டறை நடத்துபவனாக அறிந்ததைச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறைதான். பில் இல்லை என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. செல்பேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவு ஓர் ஆதாரம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆனால் செயின் போலி என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகும், எதிர்த்தரப்பு பழைய ஸ்பிராக்கெட்டையும் எஞ்சின் ஆயிலையும் சுட்டிக்காட்டும். என்னைக் கேட்டால், அந்த மெக்கானிக்கிடம் நேரில் போய், ஸ்பிராக்கெட்டை அப்போது ஏன் மாற்றச் சொல்லவில்லை என்று அமைதியாகக் கேளுங்கள். பல ஆண்டு பழகியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், கூலியைக் குறைத்துக்கொண்டு இப்போது செட்டை மாட்டித்தர அவர் முன்வரக்கூடும். இந்த முறை பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில்

ஒவ்வொரு 500 கி.மீ.க்கும், அதாவது ஏறத்தாழ தினமும் மாலை தங்குமிடம் சேர்ந்ததும், செயின் சூடாக இருக்கும்போதே லூப் (செயினுக்கான மசகு ஸ்பிரே) அடியுங்கள். கீழ்ச் செயினின் உட்பக்கமாக அடித்தால் ஓட்டத்தில் அது வெளிநோக்கிப் பரவும். இரவு முழுதும் ஊறட்டும். ஸ்பிரே தீர்ந்துவிட்டால் 90 நம்பர் கியர் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசலாம். மண் ஏறியிருந்தால் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், பெட்ரோல் வேண்டாம். ஜோஜி லா கணவாயின் சேற்றுக்கும் மணாலிச் சாலையின் ஓடைகளுக்கும் பிறகு, கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே துடைத்து லூப் அடியுங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: டபுள் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் சுழலும் செயினைத் துணியால் துடைக்காதீர்கள். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலின் நுனியை இப்படிக் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையனைக் கை முழுதும் துண்டைச் சுற்றி நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

பையில் இதே அளவுள்ள செயின் லாக் இரண்டு, நோஸ் பிளையர், பின் ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் ஆகியவை இருக்கட்டும். வேறு உதிரிகளைச் சுமக்க வேண்டாம், ஜம்மு வரை பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் 428 செயின் கிடைக்கும்.

கழற்றிய பழைய செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவை உங்கள் பொருள்கள். செயினை ஒரு ஆணியில் தொங்கவிட்டு 20 கண்ணியை அளந்து, முன் ஸ்பிராக்கெட்டின் பல்லைப் புதியதன்மேல் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். போலியா, பல்லின் வேலையா என்பதை அதைப் பார்த்து இன்னும் திட்டமாக எழுதுகிறேன்.